ஸ்பானிஷ் பி2 சான்றிதழ் வாங்கி வேலையில் சேர்வது: எங்கெல்லாம் மாட்டும்

எனக்கு ஆஃபர் லெட்டர் வந்த பிறகு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் எல்லாம் நின்றுபோனது. டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வின் பி2 (நடுத்தரத்துக்கு மேற்பட்ட நிலை) சான்றிதழில் இருந்த பெயரும் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. ஸ்பானிஷ் படித்துவிட்டு சென்னை, பெங்களூர் பக்கம் கணக்குப் பிரிவு, சப்ளையர் உதவி, மொழிபெயர்ப்பு என்று வேலை தேடும் யாருக்கும் இது நடக்கலாம். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். முழுப் பெயரும் கிவன் நேமில்தான். ஸ்பெயின்காரர்களுக்கோ அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர். தேர்வுப் பதிவும் அந்தக் கணக்கில்தான் கட்டம் போட்டுக் கேட்கும். பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டி விளக்கிய பிறகும் தேர்வு மையத்தில் இருந்தவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இனிஷியலைப் போட்டாப் போதும், எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம்" என்று அவரே டைப் செய்துவிட்டார். சான்றிதழில் ஒற்றை எழுத்து குடும்பப் பெயராக அச்சாகி வந்தது. திருத்தம் கேட்டால், "அது ஸ்பெயின்ல இருந்து வர்றது, எங்க கையில ஒண்ணும் இல்ல." இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி கையெழுத்தோடு அஃபிடவிட் கொடுத்து, தேர்வுப் பதிவுத் தாளில் இருந்த பாஸ்போர்ட் எண்ணையும் காட்டிய பிறகுதான் எச்.ஆர். பிரிவு ஒத்துக்கொண்டது. அந்தப் பதிவுத் தாளை ரிசல்ட் வந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சர்நேம் காலியாக உள்ளவர்கள், பெயரை எந்தக் கட்டத்தில் எப்படிப் பதிவார்கள் என்று பணம் கட்டும் முன்பே மையத்திடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது. அவகாசம் இருந்தால் பாஸ்போர்ட்டையே ரீ-இஷ்யூ செய்து பெயரைப் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது. விசா எடுக்கும்போதும் அது கைகொடுக்கும்.

தேர்வுக்கு வருவோம். டெலே, ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் சார்பில் இன்ஸ்டிடியூட்டோ செர்வாந்தெஸ் என்ற அந்நாட்டு அரசு மொழி நிறுவனம் கொடுப்பது. காலாவதி கிடையாது. மதிப்பெண் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என நான்கு தாள், தலா 25. வாசிப்பும் எழுத்தும் ஒரு குழு, கேட்டலும் பேச்சும் இன்னொரு குழு. ஒவ்வொரு குழுவிலும் 50-க்கு 30 எடுத்தாக வேண்டும். முதல் குழுவில் 44, இரண்டாவதில் 29 எடுத்தால் மொத்தம் 73 வரும். ஆனாலும் தேர்ச்சி இல்லை. 31, 30 என்று 61 எடுத்தவர் தேறிவிடுவார். புத்தகத்தை வைத்தே படித்தவர்கள் விழுவது இங்கேதான்.

கேட்டல் தாள் 40 நிமிடம், 30 கேள்வி. ஸ்பெயின் உச்சரிப்பு மட்டும் பழகிவிட்டுப் போனால் லத்தீன் அமெரிக்கக் குரல்கள் வரும்போது தடுமாற நேரும். எழுத்துத் தாளிலும் ஒலிப்பதிவு உண்டு என்பதைப் பயிற்சி வகுப்புகளில் பலர் அழுத்திச் சொல்வதில்லை. முதல் பணியே ஒரு செய்தியைக் காதால் கேட்டு, அதை ஒட்டி 150 முதல் 180 சொல்லில் கடிதம் எழுதுவது. காது பழகவில்லை என்றால் இரண்டு குழுவிலும் அடி விழும். ஆகவே இலக்கணப் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா வானொலிக்குக் கொடுங்கள். பேச்சுத் தேர்வில் தயாரிப்புக்கு 20 நிமிடம் கிடைக்கும். மூன்றாவது பணிக்கு மட்டும் தயாரிப்பு இல்லை. பேனா, இரண்டாம் எண் (HB) பென்சில், அசல் பாஸ்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும்.

ரிசல்ட் வரச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்று நிறுவனம் சொன்னால் சியெலே என்ற இன்னொரு ஸ்பானிஷ் தேர்வை எழுதலாம். கணினியில் எழுதும் தேர்வு, மூன்று வாரத்துக்குள் ரிசல்ட், ஆயிரத்துக்கு மதிப்பெண். பாஸ், ஃபெயில் இல்லை; நிலை மட்டும் குறிப்பார்கள். ஐந்து வருடம்தான் செல்லும். எந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நேர்காணலில் இலக்கணம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தால், கணக்குப் பிரிவில் வருவது வேறு. பணம் வரவில்லை என்று ஒரு சப்ளையர் அனுப்பிய மின்னஞ்சலைக் கொடுத்து உடனே பதில் எழுதச் சொல்வார்கள். ஸ்பெயின் இன்வாய்ஸில் 1.250,00 என்று இருக்கும். புள்ளி ஆயிரத்துக்கு, காற்புள்ளி தசமத்துக்கு. மெக்சிகோவில் நம்மைப் போலவே 1,250.00. மதிப்புக்கூட்டு வரி ஸ்பெயினில் பொதுவாக 21 சதவீதம், மெக்சிகோவில் 16. மெக்சிகோ நிறுவனத்தின் வரி எண் 12 எழுத்து, தனிநபருக்கு 13. ஒரு எழுத்து குறைந்தாலும் இன்வாய்ஸைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதைப் பார்த்ததும் எடுத்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். அந்த இடத்தில் வேலை பாதி கிடைத்த மாதிரிதான்.

கையெழுத்துப் போடும் முன் எந்த நாட்டுக்கு வேலை என்று கேளுங்கள். மாட்ரிட் காலை 9 மணி என்றால், அங்கே கோடையில் நமக்குப் பகல் 12.30, அங்கே குளிர்காலத்தில் 1.30. பொகோட்டா என்றால் இரவு 7.30, மெக்சிகோ சிட்டி என்றால் இரவு 8.30. மெக்சிகோ ஷிஃப்டில் விடியற்காலையில்தான் வீடு திரும்புவீர்கள். இரவு ஷிஃப்ட் அலவன்ஸ், வீடுவரை வண்டி, மொழிக்கான தனி அலவன்ஸ் மூன்றும் ஆஃபர் லெட்டரிலேயே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்" என்பார்கள். எழுதித் தராமல் சேராதீர்கள்.