பிரஷர் ஏற்றும் மருந்து

"அவருக்குத்தான் ஏற்கெனவே பிரஷர் இருக்கே சிஸ்டர், அதை இன்னும் ஏத்துறீங்களா?"

வியாசர்பாடியிலிருந்து 108-ல் கணவரைக் கொண்டுவந்த அம்மா கேட்டது. கையில் மாத்திரைப் பை. எல்லாம் பிரஷரைக் குறைக்கிற மாத்திரைகள். அவருக்கு மூன்று நாள் காய்ச்சல், சிறுநீரில் கிருமி. மானிட்டரில் 74/40. சராசரி அழுத்தம் 51; எங்களுக்குக் குறைந்தது 65 வேண்டும்.

"கிருமியால ரத்தக் குழாயெல்லாம் தளர்ந்துபோச்சும்மா. இந்த மருந்து அதை இறுக்கிப் பிடிக்கும்" என்றேன். பாதி நம்பிக்கையோடு தலையாட்டினார்.

சலைன் ஓடும்போதே முழங்கை மடிப்பில் இருந்த ஊசி வழியாக அந்த மருந்தை, நார்அட்ரினலினை, தொடங்கினோம். முன்பெல்லாம் கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக் குழாய்க்குள் போகும் நீளக் குழாய், போட்டால்தான் இதைத் தொடுவோம். அதற்காகக் காத்திருந்து தாமதிக்க வேண்டாம் என்று 2021 செப்சிஸ் (கிருமித் தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. ஆனால் ஊசியிடத்தை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். மருந்து வெளியே கசிந்தால் தோல் வெளுத்துச் சில்லிட்டுப்போகும். கவனிக்காமல் விட்டால் சதையே கருகிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்ததற்கெல்லாம் பிரஷர் ஏற்றும் இன்னொரு மருந்தான டோபமின்தான். அதில் இதயத் துடிப்பு தாறுமாறாவது அதிகம் என்று 2010-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தபின், அது மெல்ல அலமாரியின் பின்வரிசைக்குப் போனது. டெங்கு சீசனில் கணக்கே வேறு: ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற உடம்புக்கு முதலில் திரவம், அப்புறம்தான் நார்அட்ரினலின்.

இந்த மருந்தை எனக்குப் புரியவைத்தது பாடப் புத்தகம் அல்ல, பழைய வேலையிடத்தில் நான் செய்த தப்பு. இரவு மூன்று மணி. சிரிஞ்சிலிருந்து மருந்தை மெல்லத் தள்ளும் சிரிஞ்சு பம்ப், மருந்து தீரப்போகிறது என்று கத்தியது. அலாரத்தை அணைத்துவிட்டுப் பக்கத்துப் படுக்கைக்குப் போனேன். திரும்பும்போது சிரிஞ்சு காலி. புதிதாகக் கலக்குவதற்குள் 110-ல் இருந்த மேல் அழுத்தம் 60. உடம்பில் இரண்டு மூன்று நிமிடம்கூட நிற்காத மருந்து இது. புது சிரிஞ்சை மாட்டியும் உடனே ஏறவில்லை. பம்புக்கும் சிரிஞ்சுக்கும் இடையிலிருந்த தளர்வு தீர்ந்த பிறகுதான் மருந்தே நகர்ந்தது. நோயாளி பிழைத்தார். என் கை நடுக்கம்தான் விடியும்வரை நிற்கவில்லை.

அதனால் இப்போது பத்து மில்லி மிச்சமிருக்கும்போதே அடுத்த சிரிஞ்சு இரண்டாவது பம்பில் தயாராக நிற்கும். ஜூனியர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

காலையில் வியாசர்பாடி ஐயாவின் பாதம் கதகதப்பாக இருந்தது. பையில் சிறுநீர் சேரத் தொடங்கியிருந்தது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா பையைத் திறந்தபடி வந்தார்.

"காலை பிரஷர் மாத்திரையைக் குடுத்துடலாமா சிஸ்டர்?"

"ஐயோ வேண்டாம்மா! டாக்டர் சொல்ற வரைக்கும் அது பைக்குள்ளேயே இருக்கட்டும்."