பெஞ்சு போட்ட ஜவுளிக்கடை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நான் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலை ஒன்பதரை மணிக்கு நின்றால், சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போக, இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. அதன் பிறகு எங்கள் பிரிவுக்கும் இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகள் வந்தன. ஆனால் உட்கார்ந்திருப்பவளை மேற்பார்வையாளர் பார்க்கும் பார்வைக்கு அந்தச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லாததால், அவற்றின் மேல் சேலைக் கட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன. காலில் நரம்பு சுருண்டு வேலையை விட்டபோது, சொந்தமாகக் கடை வைத்தால் சரக்குக்கு முன்பாகப் பெஞ்சு வாங்குவது என்று முடிவு செய்துகொண்டேன்.

இடம் புதுப்பாளையத்தில் ஒரு பழைய வீட்டின் முன்னறையாக அமைந்தது. பன்னிரண்டுக்குப் பதினாறு அடி. வெளியே ஒரு சிறு திண்ணை. வீட்டுக்காரம்மா பின்கட்டில் குடியிருக்கிறார். அந்த அறையில் எட்டடி பெஞ்சும் இரண்டு நாற்காலிகளும் போட்டால் கால்வாசி இடம் போய்விடும். “அந்த எடத்துல ரெண்டு ரேக் அடிச்சா அம்பதாயிரம் ரூபா சரக்கு நிக்குமே, ஏம்மா வீணாக்குற?” என்றார் என் அண்ணன். கணக்காகப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அவர் சொன்ன இன்னொன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் எந்த ரேக்கின் கீழ்த்தட்டும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது.

காகித வேலைகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. வேலையில்லாத இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புத் திட்டத்தில் வியாபாரத்துக்கும் கடன் உண்டு, 25 விழுக்காடு மானியமும் உண்டு என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, நான்கு லட்சத்துக்கு விண்ணப்பித்தேன். நாற்பத்து மூன்று வயதில் ‘இளைஞர்’ என்று கையெழுத்திடச் சிரிப்பு வந்தது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்கு ஆயிரத்து ஐந்நூறு கேட்ட இடத்திலிருந்து எழுந்து வந்து, மகளின் கைபேசியில் நானே செய்துகொண்டேன். மாநகராட்சியில் தொழில் உரிமம் பெற வேண்டும். வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தக் கூடாது என்பதால் வணிக இணைப்பு தனியாக வாங்க வேண்டும். அதற்குத்தான் நாட்கள் இழுத்தன. தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் நாற்பது லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் அந்த வரம்பு இருபது லட்சம் என்பதால், அங்கே கடை வைத்திருக்கும் உறவினர் சொன்ன கணக்கை நம்பி நான் வீணாகப் பயந்திருந்தேன்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். விருத்தாசலம், சேலம் வழியாகப் பேருந்து மாறி இரவு பத்து மணிக்குப் போய் இறங்கியபோது, ஒன்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இருந்தேன். அந்த அனுபவமே என்னை ஏமாற்றியது. முகூர்த்தச் சேலை விற்றுப் பழகிய கண் ஜரிகையையே தேடியது. தெருமுனைக் கடைக்கு வருபவர் கேட்பது உள்பாவாடை, ஜாக்கெட் லைனிங், துண்டு, லுங்கி, நைட்டி என்பது கடை திறந்த பிறகுதான் உறைத்தது. முதல் கொள்முதலில் வாங்கிய பதினெட்டுப் பட்டுமாதிரிச் சேலைகளில் ஆறு இன்னும் மேல்தட்டில் இருக்கின்றன. நைட்டியிலும் அடி வாங்கினேன். அடர்சிவப்பில் நாற்பது உருப்படிகள், விலை மலிவு. விற்ற முதல் வாரத்திலேயே ஒருவர் பக்கெட் தண்ணீரைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தார், பீட்ரூட் சாறு போல இருந்தது. விற்ற பதினொன்றுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது சந்தைக்குப் போகும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து எடுத்துப்போகிறேன். துணியின் உள்மடிப்பில் வைத்துக் கட்டைவிரலால் இருபது தடவை தேய்த்துப் பார்ப்பேன். முகம் சுளிக்கும் வியாபாரியிடம் வாங்குவதில்லை.

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, 2023 ஆவணியில் கடையைத் திறந்தேன். முதல் போணி வீட்டுக்காரம்மாவின் கையால் ஒரு துண்டு. பெஞ்சுக்கு மேல் மின்விசிறி, பக்கத்தில் தண்ணீர்ப் பானை, மேசையில் அன்றைய நாளிதழ், எல்லாம் வைத்தும் ஒரு மாதம் யாரும் உட்காரவில்லை. “உக்காருங்கம்மா” என்று சொன்னால், “இல்லம்மா, வேலை கெடக்கு” என்று நகர்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தால் ஏதாவது வாங்க வேண்டியிருக்குமோ என்பது ஒரு தயக்கம். வீட்டில் ‘இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய்’ என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமே என்பது அதைவிடப் பெரியது. இது எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பதில் தையல் மிஷின் வடிவில் வந்தது. பழைய மிஷின் ஒன்றை வாங்கி, சேலைக்கு ஃபால், அதாவது அடி ஓரத்தில் உள்பக்கமாகத் தைக்கும் பட்டைத் துணி, வைத்து ஓரம் அடித்துத் தருவதாக எழுதி மாட்டினேன். ஃபால் துணியை முன்னதாகவே நனைத்து உலர்த்தி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கிச் சேலையின் அடியைப் பிடித்து இழுக்கும். கீழ் ஓரத்தை மிஷினில் ஓட்டிவிட்டு, மேல் ஓரத்தைக் கையால், வெளியே தையல் தெரியாமல் இரண்டு நூலை மட்டும் கவ்விக் குத்த வேண்டும். அவசரப்படாமல் செய்தால் ஒரு சேலைக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம்தான் பெஞ்சை நிரப்பியது. ‘ஃபால் அடிக்கக் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொண்டு வருகிறேன்’ என்பதை எந்த வீட்டிலும் யாரும் குறுக்கே கேட்பதில்லை. கீரை ஆய்ந்துகொண்டும், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டும், பூ கட்டிக்கொண்டும் நான்கைந்து பேர் மாலையில் இருப்பார்கள். சிலருக்கு இப்போது சேலைகூட வேண்டியதில்லை.

எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு: பெஞ்சில் இருப்பவர்களுக்கு நானாகச் சரக்கை எடுத்துக் காட்டுவதில்லை. இதை ஒரு நாள் மீறி, புதிதாக வந்த சுங்குடியைப் பிரித்துக் காட்டினேன். இரண்டு பேர் வாங்கினார்கள், ஆனால் மறுநாள் மூன்று பேர் வரவில்லை. ஊர்வம்பு பேசப்படும் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஒரு வீட்டுச் சண்டை என் கடையிலிருந்து கிளம்பி என் கடைக்கே திரும்பி வந்தது. அந்த இருவரையும் ஒரே நேரத்தில் உள்ளே வைத்துக்கொள்ள இன்றுவரை எனக்கு முடிந்ததில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. கடைக்குள் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அண்ணன் சொன்ன ஒன்றரை அடி சரக்கைக் காப்பாற்றியது. பெஞ்சின் கால்கள் மட்டும் ஊறிப்போயின. மாற்றுத் துணி நனைந்துபோன வீடுகளுக்கு நைட்டியும் துண்டும் லுங்கியும் கடன் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் பதினான்காயிரத்துச் சொச்சம்; பொங்கலுக்குள் ஆயிரத்து இருநூறு தவிர எல்லாம் வந்துவிட்டது.

கடன் தவணையும் வாடகையும் போக மாதம் கையில் நிற்பது, பழைய கடையில் வாங்கிய சம்பளத்தைவிடச் சற்றே கூடுதல், தீபாவளி மாதத்தில் மட்டும் இரண்டு மடங்கு. இப்போது பெஞ்சில் இடம் போதாமல் திண்ணையிலும் இரண்டு பேர் உட்காருகிறார்கள். திண்ணைக்கும் சேர்த்து வாடகையை ஐந்நூறு கூட்டித் தர வேண்டும் என்கிறார் வீட்டுக்காரம்மா. தினமும் ஐந்து மணிக்கு அங்கே முதலில் வந்து உட்காருவதே அவர்தான் என்பதைச் சொல்லி, இருநூறுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.