ஊசி மருந்தும் உச்சிப்புளி வெயிலும்

எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் டிர்செபடைடு ஊசி, மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் குப்பியாக இந்தியாவுக்கு வந்தது. எழுதிக் கொடுப்பது மதுரை டாக்டராக இருந்தாலும், போட்டுக்கொள்வது மண்டபத்திலோ கீழக்கரையிலோ அவரவர் வீட்டில்தான். குத்திக்கொள்ளத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நம் ராமநாதபுரம் கரையில் அதைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றி.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குப்பியை வெளியே வைத்தால், 30 டிகிரியைத் தாண்டாதவரை 21 நாள் தாங்கும் என்கிறது கம்பெனி. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை இங்கே பகல் 30-க்குள் நிற்பது அபூர்வம். அந்தச் சலுகை நமக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மண்பானைக்குள் வைக்கலாமே என்பார்கள். காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்தில் பானைத் தண்ணீர் சரியாக ஆவியாகாது, அதனால் பெரிதாகக் குளிராது.

சூட்டில் கெடுவது போலவே உறைந்தாலும் இது கெடும். மதுரையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது மீன் பெட்டி ஐஸை நொறுக்கிப் போட்டு அதற்குள் குப்பியைப் புதைத்துவிடுகிறார்கள். உப்பு கலந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போகும். சின்னத் தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ் பை, மேலே மடித்த துண்டு, அதன் மேல் அட்டைப் பெட்டியோடு மருந்து: இது போதும். வீட்டு ஃபிரிட்ஜில் நடுத் தட்டு நல்லது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசரை ஒட்டிய இடம் வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். ஒருமுறை உறைந்த மருந்து, உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான்.

இனி அளவு. 2.5 மி.கி. குப்பியிலும் 5 மி.கி. குப்பியிலும் இருக்கும் திரவம் ஒரே 0.5 எம்.எல். தான். கண்ணால் பார்த்து வித்தியாசம் தெரியாது, லேபிளைப் படித்தே ஆக வேண்டும். இன்சுலின் சிரிஞ்சு நம்மூர் மருந்துக் கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஆரஞ்சு மூடி யூ-100, அதில் ஒரு எம்.எல். என்பது 100 யூனிட். சிவப்பு மூடி யூ-40, அதில் ஒரு எம்.எல். என்பது 40 யூனிட். யூ-100-ல் 0.5 எம்.எல். என்பது 50 என்று எழுதிய கோடு, யூ-40-ல் அதே அளவு 20 என்று எழுதிய கோடு. "இருபது போடுங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு யூ-100-ல் 20 இழுத்தால் பாதிகூட உள்ளே போகாது. யூனிட்டில் பேசாமல் எம்.எல்.-லில் பேசுங்கள், 1 எம்.எல். யூ-100 சிரிஞ்சையே வாங்குங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். திரவம் கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ போடாதீர்கள். ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள். சிரிஞ்சில் 0.5 எம்.எல். (யூ-100-ல் 50) வரை காற்றை இழுத்துக் குப்பிக்குள் தள்ளி, குப்பியைத் தலைகீழாக்கி, 0.5-க்குக் கொஞ்சம் மேலேயே மருந்தை இழுங்கள். குமிழி இருந்தால் சிரிஞ்சைச் சுண்டி மேலேற்றி, 0.5 கோட்டுக்குத் தள்ளுங்கள். காற்றைத் தள்ளாமல் இழுத்தால் குப்பிக்குள் வெற்றிடமாகி மருந்து வர மறுக்கும், குமிழிதான் வரும்.

வயிற்றில் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, இல்லையென்றால் தொடையின் முன்பக்கம். ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகு குத்தினால் எரியாது. மெதுவாகத் தள்ளி, சில விநாடி நிறுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். வாராவாரம் இடத்தை மாற்றுங்கள்.

காசு மிச்சமாகும் என்று 5 மி.கி. குப்பியை இரண்டு வாரத்துக்குப் பிரிக்கிறார்கள். அது ஒரே டோஸ் குப்பி, கிருமியைத் தடுக்கும் சரக்கு அதில் இல்லை. வாட்ஸ்அப்பில் விற்கும் பவுடர் குப்பியைத் தண்ணீர் கலந்து போடுவது அதைவிட மோசம். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் 4 வாரம் 2.5, பிறகு 5, அதற்கு மேல் டாக்டர் சொன்னால் மட்டும். குமட்டல் பலருக்கும் வரும். டோஸ் ஏற்றிய வாரத்தில் பிரியாணியையும் பொரித்த மீனையும் ஒதுக்கிக் கஞ்சி, இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். முதுகுக்குப் பரவும் கடும் வயிற்று வலி வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கணைய வீக்கமாக இருக்கலாம். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கர்ப்பிணிகளுக்கும், குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இந்த ஊசி கூடாது. ஒரு வாரம் தவறினால் 4 நாளுக்குள் போடலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த முறை நாளில் போடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

போட்ட ஊசிக்கு மூடி போடாதீர்கள், தன் விரலிலேயே குத்திக்கொள்வது அப்போதுதான். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, முக்கால் நிறைந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். கடற்கரைக் குப்பையில் எறியவே கூடாது. வலை இழுப்பவர்கள் அந்த மணலில் வெறுங்காலோடுதான் நிற்கிறார்கள்.