தெர்னாவில் பாதியில் விட்டுவந்த வேலை

2010ல் லிபியாவின் கிழக்கே தெர்னா ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்புக் கட்டுமானத்தில் ஃபோர்மேனாகச் சேர்ந்தேன். ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு ஓடை கடலுக்குப் போகும். வாதி என்பார்கள். வைகையைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் காய்ந்த ஆறு புதிதில்லை. அதன் கரையில் ஒரு டீக்கடை. வெள்ளிக்கிழமை மாலை அங்கேதான். மேலே இரண்டு அணைகள் இருப்பதும், அவற்றைப் பழுதுபார்க்கத் துருக்கிக் கம்பெனி வந்திருப்பதும் கடைப் பேச்சில் காதில் விழுந்தது. அதோடு சரி.

2011 பிப்ரவரி 17ல் கடாஃபி ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது, அப்புறம் எல்லாம் தலைகீழ். இணையம் போச்சு. ஒரு நாள் காலையில் பார்த்தால் எங்கள் மேனேஜர் இல்லை. எல்லார் பாஸ்போர்ட்டும் ஆபீஸ் இரும்பு பீரோவில். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பூட்டை உடைத்தோம். பாஸ்போர்ட் கைக்கு வந்ததே பாதி ஊர் வந்த மாதிரி. (வெளிநாட்டு சைட்டுக்குப் போகிறவர்கள் நகல் ஒன்றை வீட்டிலும் கொடுத்துவையுங்கள்.) ஸ்டோர் சாவியை யாரிடம் கொடுப்பது? சூடான்காரரான வாட்ச்மேன் கையில் வைத்துவிட்டு வேனில் ஏறினேன். அளவுப் புத்தகம், வரைபடம் எல்லாம் மேஜைமேல் அப்படியே கிடந்தன.

பெங்காசிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வழிநெடுக இளைஞர்கள் வண்டியை நிறுத்தி, இந்தியர் என்றதும் விட்டுவிட்டார்கள். துறைமுகத்தில் தூதரகப் பட்டியலில் பெயர் ஏறக் காத்திருந்ததுதான் கொடுமை: குளிர், ரொட்டி, வதந்தி. இந்திய அரசு அமர்த்திய ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பலில் அலெக்சாந்திரியா, அங்கிருந்து விமானத்தில் டெல்லி. டிக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லை. கையிலிருந்த தினாரைத்தான் அலெக்சாந்திரியாவில் யாரும் சீந்தவில்லை.

நாங்கள் விட்டுவந்தது நாலு சுவர். மழை பெய்தால் நனையும், அவ்வளவுதான். அதே வாரங்களில் அணை வேலையும் அப்படியே நின்றிருக்கிறது. 1970களில் யூகோஸ்லாவியக் கம்பெனி கட்டிய அணைகள் அவை. அபு மன்சூர் 2.25 கோடி கன மீட்டர் கொள்ளும். ஊருக்குச் சற்று மேலே இருந்த அல் பிலாத் 15 லட்சம். 1998லேயே விரிசல் கண்டிருந்தது. 2007ல் ஒப்பந்தம், 2010 அக்டோபரில் வேலை ஆரம்பம், ஐந்து மாதத்துக்குள் நிறுத்தம். பின்னர் ஊர் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போனது. 2014 முதல் நாட்டில் இரண்டு அரசாங்கம். ஒதுக்கிய பராமரிப்புப் பணம்கூடச் செலவாகவில்லை என்று 2021ல் தணிக்கைக்காரர்கள் எழுதினார்கள். மறுவருடம் நீரியல் ஆய்வாளர் அப்துல் வனீஸ் ஆஷூர், பெருவெள்ளம் வந்தால் ஊருக்குப் பேராபத்து என்று எச்சரித்தார். ஆபத்து தெரியாமல் இல்லை. பில் பாஸ் பண்ண, கல் ஏற்றிவரும் லாரிக்குக் காவல் நிற்க, சாவியை வாங்கிக்கொள்ள ஒரு நிலையான ஆள் இல்லை.

2023 செப்டம்பர் 10 இரவு டேனியல் புயல் மழை. விடிவதற்குள் இரண்டு அணைகளும் உடைந்தன. வாதியின் இரு கரைகளும் கடலுக்குள் போயின, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அடுத்த வருடம் 12 அதிகாரிகளுக்குச் சிறை என்று தீர்ப்பு வந்தது.

வெள்ளச் செய்தி வந்த அன்று, கப்பலில் கூட வந்த கொத்தனார் போன் பண்ணினார். "அந்த டீக்கடை இருக்குமாண்ணே?" என்றார். அது கரையை ஒட்டித்தானே இருந்தது.