கீவ் ஏடுகளின் ஊர் எது? நான் படித்துத் தேடிய விதம்

கீவ் ஏடுகள் என்ற பெயரைப் பார்த்து அவை உக்ரைனில் எழுதப்பட்டவை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஸ்லாவிய மொழியில் வழிபாட்டு மன்றாட்டுகள் எழுதப்பட்ட ஏழே ஏழு சிறிய தோல் ஏடுகள். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது பொதுவான கணிப்பு. எருசலேமில் ரஷ்யத் திருச்சபைப் பணிக்குழுவின் தலைவராக இருந்த அந்தோனின் கபூஸ்தின் 1872இல் கீவ் இறையியல் கழகத்துக்குக் கொடுத்தார், அதனால் வந்த பெயர். இவற்றின் பூர்விகத்தை யாரோ சொன்ன முடிவாக எடுத்துக்கொள்ளாமல், படங்களை வைத்து வரிவரியாக நானே படித்துப் பார்க்க விரும்பினேன்.

முதல் வேலை எழுத்து. ஏடுகளில் இருப்பது கிளகோலித்திக், ஸ்லாவிய மொழிக்கான பழைய எழுத்து. முழுக்க வட்டமும் கொக்கியுமாக இருக்கும், ரஷ்ய மொழிக்கான சிரிலிக் தெரிந்தவர்களுக்கும் புதிதுதான். அச்சு அட்டவணையோடு நிற்காமல் ஏட்டில் உள்ள வடிவத்தையே பார்த்து எழுதிப் பாருங்கள், கண் சீக்கிரம் பழகும். ஆனால் எழுத்து மட்டும் ஊரைச் சொல்லிவிடாது. இன்றைய செக் நாட்டின் கிழக்கிலுள்ள மொராவியாவில் இந்த எழுத்தோடு பணியாற்றிய மறைப்பணியாளர் மெத்தோடியஸ் 885இல் இறந்ததும் சீடர்கள் விரட்டப்பட்டு பல்கேரிய நாட்டுக்குப் போனார்கள், அங்கேயும் இதில்தான் எழுதினார்கள்.

அடுத்து, முதல் பக்கத்தைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். அது வெறுமையாக விடப்பட்டிருந்த பக்கம், பிற்காலத்தில் வேறொருவர் விவிலியத்தின் உரோமையர் திருமுகத்திலிருந்து ஒரு பகுதியை அதில் எழுதியிருக்கிறார். அதன் மொழியையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் குழம்பும்.

மீதிப் பக்கங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. புனித கிளமெந்து திருநாளின் திருப்பலியோடு தொடங்கி மன்றாட்டு, காணிக்கை மீது மன்றாட்டு, தொடக்கவுரை, திருவிருந்துக்குப் பின் மன்றாட்டு என்று போகின்றன. கத்தோலிக்கத் திருப்பலிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த வரிசை உடனே பிடிபடும், ஏனென்றால் இது கிரேக்கத் திருச்சபையின் பைசாந்திய முறை அல்ல, உரோமை முறை. 1928இல் வழிபாட்டு அறிஞர் மோல்பெர்க் இதற்கு இணையான இலத்தீன் பாடங்களைப் பதுவா நகரத்துக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் காட்டினார். இலத்தீனைப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் மொழிபெயர்த்தவர் எவ்வளவு நிதானமாக வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்தது.

கடைசியாக ஒலிகள். பல்கேரியா போன்ற தெற்கத்திப் பிரதிகளில் 'ஷ்த்' வரும் இடங்களில் இங்கே 'த்ஸ்' வருகிறது, 'ழ்த்' (žd) என்பதற்கு ஒத்த இடத்தில் 'ஸ்' போன்ற அதிரும் ஒலி (z) வருகிறது. இது மேற்கு ஸ்லாவிய வழக்கு. ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொண்டே போனேன், மாறாமல் அப்படியே வந்தது. உரோமை வழிபாடும் மேற்கத்தி ஒலியும் சேரும் இடம் மொராவியா அல்லது அதற்கு மேற்கே உள்ள போஹேமியா. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

1979இல் ஸ்லாவிய மொழி அறிஞர் யோசெஃப் ஹாம் இது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலி என்று எழுதினார். அதையும் படித்தே ஆக வேண்டும், பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை என்றாலும் மறுப்புகளைப் படிக்கும்போது சான்றுகளை எடைபோடக் கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம், 1855இல் ஒரு பழைய நூலின் அட்டைக் கட்டுக்குள் கிடைத்த பிராக் துண்டுகளை அடுத்துப் படிக்க எடுத்திருக்கிறேன். இரண்டே ஏடுகள். எழுத்து கிளகோலித்திக், மொழியில் செக் சாயல், வழிபாடோ பைசாந்தியம். கீவ் ஏடுகளில் வழிபாடும் ஒலியும் ஒரே திசையைக் காட்டின, இங்கே அவை இரண்டும் பிரிந்து நிற்கின்றன, அதனால் இவற்றிலுள்ள வழிபாட்டுப் பாடல்களின் கிரேக்க மூலத்திலிருந்து தொடங்குகிறேன்.