காலியாகத் திரும்பும் கார்

மதுரையில் குடியிருப்பவர்களுக்கு வெளியூர் உறவினர்கள் இட்டுவிடும் வேலைகளில் கார் பேசிக் கொடுப்பதும் ஒன்று. விமானம் மதுரையில் இறங்கும். அவர்கள் தங்கப்போவதோ ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரை ரிசார்ட்டில். இடையிலுள்ள சுமார் 175 கிலோமீட்டருக்கு ஒரு நல்ல வண்டியும் நிதானமான டிரைவரும் வேண்டும் என்று பெங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ போன் வரும். கூடவே, ஒருவர் இவ்வளவு கேட்கிறார், இன்னொருவர் அதே வண்டிக்கு ஒன்றரை மடங்கு கேட்கிறார், இதில் யார் ஏமாற்றுகிறார் என்ற கேள்வியும் வரும். பெரும்பாலும் இருவருமே ஏமாற்றவில்லை. அதைப் போனில் துண்டு துண்டாக விளக்கி அலுத்துவிட்டதால் இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

இந்த வாடகையின் சூட்சுமம் முழுவதும், உங்களை இறக்கிவிட்ட பின் அந்தக் கார் எப்படித் திரும்பப்போகிறது என்பதில் இருக்கிறது. ஒருவழி டிராப் என்று விளம்பரம் செய்பவர்கள் செடான் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் அளவிலும், டிரைவர் பேட்டா 400 ரூபாய் அளவிலும் கேட்கிறார்கள். 175 கிலோமீட்டருக்கு 2,450, பேட்டாவோடு 2,850, டோல் தனி. பழைய முறையில் தொழில் செய்யும் உள்ளூர் டிராவல்ஸ்காரரோ போகவர இரண்டு பக்கத்துக்கும் கணக்குப் போடுவார். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைத்து 13 என்று வைத்துக்கொண்டாலும் 350 கிலோமீட்டருக்கு 4,550 ஆகிவிடும், அதற்கு மேல் பேட்டா. இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், வண்டி காலியாகத் திரும்பினால் அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்பதற்கான விலை. முதலாமவர் ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ஒரு சவாரி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் குறைத்துச் சொல்கிறார். இரண்டாமவர் அந்த நம்பிக்கையை வைத்துத் தொழில் செய்ய விரும்பவில்லை.

விமான நிலைய வாசலில் நின்ற டிரைவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சுருக்கமாகச் சொன்னார்: "அங்கிட்டு இருந்து ஒரு பார்ட்டி கெடச்சா நாலு காசு மிஞ்சும் சார். கெடைக்கலேன்னா விடியிற வரைக்கும் வண்டியிலேயே கெடக்கணும்." அவர் குறைந்த வாடகைக்கு ஒப்புக்கொண்டு வரும்போது, வழியிலேயே திரும்பு சவாரிக்காக நாலைந்து பேருக்குப் போன் செய்துகொண்டு வருவார் என்பதையும், நீங்கள் தேநீருக்கு நிறுத்தச் சொன்னால் கடிகாரத்தைப் பார்ப்பார் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தையோ, அடிக்கடி இறங்க வேண்டிய முதியவர்களோ கூட வருவார்களானால் நான் எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் காசு கொடுத்து வண்டி பேசச் சொல்வேன். அவசரமில்லாத டிரைவர் என்பது காசு கொடுத்து வாங்கத்தக்க பொருள்.

அடுத்ததாக, ரிசார்ட் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயரில் ராமேஸ்வரம் என்றிருப்பதெல்லாம் தீவுக்குள் இருப்பதில்லை. உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரை, மண்டபம் ஆகியவை பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கின்றன. பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகள் தீவுக்குள் வருகின்றன. இந்தப் பக்கம் என்றால் தூரம் குறையும், வாடகையும் அந்த அளவு குறைய வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் திரும்பு சவாரி கிடைக்கும் இடம் கோயிலைச் சுற்றிய தெருக்கள்தாம். அரியமானில் உங்களை இறக்கிவிட்டவர் சவாரி தேடிப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போயாக வேண்டும். எனவே தூரம் குறைந்தும் வாடகை அப்படியே நின்றால் வியக்க வேண்டியதில்லை. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளமே இருக்கிறது என்பதும், பயணிகளாகிய நாம் மட்டும் மதுரையில் இறங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையில் வரவேண்டியிருக்கிறது என்பதும் வேறு கதை.

ரிசார்ட்டுகள் பலவும் பிரதான சாலையிலிருந்து விலகிக் கடலோரமாக இருப்பதால் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறுகலாகவும், சில இடங்களில் மணலாகவும் இருக்கும். இருட்டிய பிறகு அலைபேசி வரைபடத்தை மட்டும் நம்பிப் போனால் வேறொரு சந்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ரிசார்ட் வரவேற்பறையிலிருந்தே இருப்பிடக் குறியீட்டை வாங்கி முதல் நாளே டிரைவருக்கு அனுப்பிவிடுவதும், வாசல் காவலாளியின் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது.

விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே இருப்பது இந்தப் பயணத்துக்கு ஒரு வசதி. மதுரை நகருக்குள் நுழையாமலே, மண்டேலா நகரில் சுற்றுச்சாலையைப் பிடித்து விரகனூர் சந்திப்பில் ராமநாதபுரம் சாலைக்குத் திரும்பிவிடலாம். அங்கிருந்து சிலைமான், திருப்புவனம், மானாமதுரை வழியாகப் பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. அதற்கப்புறம் ராமநாதபுரம் வரை எதிரே வரும் லாரியைப் பார்த்துப் பார்த்து முந்த வேண்டிய சாலை. இந்த இரண்டாம் பகுதியையும் நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்திருக்கிறது. வேலை நடக்கும் காலத்தில் மாற்றுப்பாதைகளுக்காக அரைமணி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளலாம்.

திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் டோல் உண்டு. "டோல் தனி" என்று சொல்பவரிடம் ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று கேட்டுவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போகவரச் சேர்த்து ஒற்றைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குதான் ஆகும் என்பதால், திரும்பும் டோலும் உங்கள் தலையில் என்று பேச்சானால் அந்தக் கணக்கைச் சொல்லலாம்.

பேசி முடிக்காமல் விடப்படும் செய்திகளில் முதன்மையானது காத்திருப்பு நேரம். விமானம் தாமதமானால் எவ்வளவு நேரம் வரை கூடுதல் காசில்லாமல் நிற்பார்கள், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, விமான நிலைய பார்க்கிங் கட்டணம் யாருடையது என்பவற்றை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். விமான எண்ணைக் கொடுத்துவிட்டால் டிரைவரே அது எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்வார். "நாலு மணிக்கு வருவார்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் நாலு மணியிலிருந்தே வெயிட்டிங் கணக்கைத் தொடங்குவதில் தப்பில்லை. சென்னையிலிருந்து கைப்பையோடு வருகிறவர் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடுவார். துபாயிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர் குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டிகள் எல்லாம் முடித்துவர ஒரு மணி நேரம் பிடித்தாலும் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரம் பேச்சில் வந்திருக்க வேண்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, எத்தனை பேர் என்று எல்லோரும் சொல்வார்கள், எத்தனை பெட்டி என்று யாரும் சொல்வதில்லை. இப்போது வாடகைக்கு ஓடும் செடான்களில் பல சிஎன்ஜி வண்டிகள். டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டரே அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு பெரிய பெட்டி இருந்தாலே ஒன்று முன் இருக்கைக்கு வந்துவிடும். இன்னோவா என்றால் கவலையில்லை என்பதும் முழு உண்மையன்று: மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்துவிட்டால் பின்னால் மிஞ்சும் இடம் சொற்பம். ஆறு பேர் பெட்டிகளோடு வருகிறார்களென்றால் மேலே கேரியர் உள்ள வண்டியைக் கேட்டு வாங்க வேண்டும். குழந்தைக்கான தனி இருக்கை நம் ஊர் டாக்சிகளில் அனேகமாகக் கிடைக்காது. அதைப் பழகிய குடும்பங்கள் கையோடு கொண்டுவருவதுதான் வழி.

மஞ்சள் நம்பர் பலகை உள்ள டி போர்டு வண்டிதானா என்பதையும் பாருங்கள். தெரிந்தவர் ஒருவர் தம் சொந்தக் காரை ஐந்நூறு ரூபாய் குறைத்து அனுப்பி வைப்பதாகச் சொல்வார். மோட்டார் வாகனச் சட்டப்படி வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு பெர்மிட் வேண்டும். ஓன் போர்டு வண்டியில் காசு கொடுத்துப் போய் வழியில் ஏதாவது நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு. ஐந்நூறு ரூபாய்க்காக அந்தத் தலைவலி தேவையில்லை. முன்பணம் கேட்டால் சிறு தொகை மட்டும் அனுப்பினால் போதும். முதல் நாள் மாலைக்குள் வண்டி எண்ணும் டிரைவர் பெயரும் வந்து சேரவில்லையென்றால் அந்த புக்கிங்கை நான் நம்புவதில்லை.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல், மதுரைக்காரர்கள் மட்டும் சொல்லித்தரக்கூடிய ஒன்று நாள் பார்ப்பது. நல்ல நேரத்தைச் சொல்லவில்லை. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை நாள்களில் அக்னி தீர்த்தத்துக்குப் போகும் கூட்டத்தால் வண்டி கிடைப்பதே அரிதாகிவிடும், பாலத்தின் இரு பக்கமும் வாகனங்கள் ஊர்ந்து செல்லும். இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11இல் பரமக்குடியிலும், தேவர் ஜெயந்தி நாளான அக்டோபர் 30இல் பசும்பொன்னிலும் பெருங்கூட்டம் கூடுவதால், அந்த நாள்களை ஒட்டி ராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவதும், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதிப்பதும், போக்குவரத்தை மாற்றிவிடுவதும் வழக்கம். பரமக்குடியைத் தொடாமல் இந்தச் சாலையில் போக முடியாது. பயணச் சீட்டு எடுப்பதற்கு முன்பே இந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம். சீட்டு எடுத்தாகிவிட்டதென்றால் அந்த வட்டாரத்து டிரைவரைப் பிடித்து, எந்தப் பாதையில் விடுகிறார்கள் என்று முதல் நாளே விசாரிக்கச் சொல்ல வேண்டும்.

இரவு விமானத்தில் வருகிறவர்களுக்கு இன்னொரு யோசனை. ஒன்பது மணிக்கு மேல் மதுரையிலிருந்து புறப்படும் டிரைவர் நள்ளிரவுக்குப் பின் உங்களை இறக்கிவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு உடனே திரும்புவார். டிரைவர் படுக்க இடம் உண்டா என்று ரிசார்ட்டில் கேளுங்கள். விடுதிகளில் டிரைவர்களுக்குப் படுக்கை வசதி இருக்க வேண்டும் என்று 2023இல் தமிழக அரசு கட்டட விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. ஆனாலும் நீங்கள் வாய்விட்டுக் கேட்டால்தான் பல இடங்களில் கதவு திறக்கும். கேட்பது டிரைவருக்காக மட்டுமன்று: இறங்கிய பின் நிம்மதியாகப் படுக்கலாம் என்று தெரிந்தவர் பரமக்குடிக்கு அப்பாலுள்ள இருட்டில் விரட்டிக்கொண்டு போகமாட்டார்.

ரிசார்ட்டே அனுப்பும் காரைப் பற்றியும் கேட்பார்கள். விலை கூடுதலாகத்தான் இருக்கும். அந்த வண்டி அங்கிருந்து காலியாக மதுரைக்கு வந்து உங்களை ஏற்றுகிறது என்பதால், காலிப் பாதி இங்கே முன்னாலேயே வந்துவிடுகிறது. அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். பகலில் வந்திறங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இது தேவையில்லை. தமிழ் தெரியாத நண்பர்களை நீங்கள் கூட இல்லாமல் அனுப்பும்போதும், நள்ளிரவில் சேர வேண்டியிருக்கும்போதும் அந்தக் கூடுதல் காசு தகும். ரிசார்ட் வாசலைத் தேட வேண்டாம், தகராறு வந்தால் முறையிட ஓர் இடம் இருக்கும்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் தீவுக்கு மறுபடியும் ரயில் ஓடுகிறது. தனியாளாகப் பையோடு வருகிறவர் மதுரை சந்திப்புக்குப் போய் ரயில் ஏறுவதே எனக்குப் பிடிக்கும். குடும்பத்தோடு வருகிறவர்களிடம் அதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

போகும்போது பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லி டிரைவரை வற்புறுத்தாதீர்கள். அங்கே நிறுத்தத் தடை இருக்கிறது, அபராதம் விழுவது அவருக்கு. தனுஷ்கோடியையும் அப்படியே பார்த்துவிடலாம் என்ற ஆசை இருந்தால் அதைப் புக்கிங்கின்போதே சொல்லி விலை பேசுங்கள். அது டிராப் கணக்கில் வராது, மாலைக்குப் பிறகு அங்கே வண்டிகளை விடுவதுமில்லை.

திரும்பும் பயணத்தை அன்றே பேசி முடிப்பது இருவருக்கும் லாபம். உங்களை இறக்கிவிட்டவரே நாலாம் நாள் வேறொரு குடும்பத்தை மதுரையிலிருந்து ஏற்றி வந்து, திரும்பும்போது உங்களை அழைத்துச் செல்வார். தேதி உறுதியாகத் தெரிந்தால் அவரே விலையைக் குறைப்பார். உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள் என்பதால், ரிசார்ட்டிலிருந்து விமான நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னதாகப் புறப்படச் சொல்கிறேன். வெளிநாட்டு விமானம் என்றால் ஏழு மணி நேரம். காலை ஏழு, எட்டு மணி விமானத்துக்கு அந்தக் கணக்குப்படி நள்ளிரவில் எழுந்து புறப்பட வேண்டும். அதற்கு முதல் நாள் மாலையே மதுரைக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிவிடலாம்.