இந்த மெமரி இப்போது யார் கையில்? ஓர் எக்ஸ்எச்சிஐ டிரைவரை ரிவ்யூ செய்த அனுபவம்

பழைய அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் ஓய்வு நேரத்தில் சொந்தமாக ஒரு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதி வருகிறார். பெங்களூரில் அவர் வீடு ஜீவன்பீமா நகர், என் வீடு அல்சூர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை சிபியு) கணினியில் அந்தக் கெர்னல் பூட் ஆகும், ஷெல் வரும், சின்னதாக ஒரு ஃபைல் சிஸ்டமும் உண்டு. யுஎஸ்பி மட்டும்தான் இல்லாமல் இருந்தது. பல மாதம் உட்கார்ந்து அதையும் எழுதிவிட்டு, "அண்ணே, மெயின்ல சேர்க்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை முழுசா பார்த்துடுங்க" என்றார். சுமார் 2,400 வரி, சி மொழியில். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால், பார்த்ததையும் பிடிபட்டதையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. யுஎஸ்பி சாதனங்களோடு கணினிக்காகப் பேசும் சிப்தான் ஹோஸ்ட் கன்ட்ரோலர்; அதை ஓட்டும் நிரல் டிரைவர். யுஎஸ்பி 1 காலத்தில் இரண்டு வகைக் கன்ட்ரோலர்கள் இருந்தன. இன்டெல் கொண்டுவந்தது யுஎச்சிஐ. காம்பாக், மைக்ரோசாஃப்ட், நேஷனல் செமிகண்டக்டர் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது ஓஎச்சிஐ. 480 மெகாபிட் வேகத்தோடு வந்த யுஎஸ்பி 2-க்கு இஎச்சிஐ. 2008-இல் யுஎஸ்பி 3.0 வந்தபோது, எல்லா வேகத்தையும் ஒரே கன்ட்ரோலர் கவனித்துக்கொள்ளும்படி எக்ஸ்எச்சிஐ வந்தது. லினக்ஸில் இதற்கான டிரைவரை எழுதியவர் சேஜ் ஷார்ப். 2009 செப்டம்பரில் வெளியான 2.6.31 பதிப்பிலேயே அது இருந்தது. இன்று புதிதாகக் கெர்னல் எழுதுகிறவர் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு எக்ஸ்எச்சிஐ ஒன்றை மட்டும் எழுதினாலே போதும் என்பது என் கருத்து. தம்பியும் அதைத்தான் செய்திருந்தார்.

எக்ஸ்எச்சிஐக்கு இன்டெல் வெளியிட்ட விவரக்குறிப்பு 600 பக்கத்துக்கு மேல். அதை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு டிரைவரைப் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் வேலை நகராது. நான் செய்தது வேறு. டிரைவர் எங்கெல்லாம் மெமரி வாங்குகிறதோ அதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இது எந்த வரியில் சிபியு கையிலிருந்து கன்ட்ரோலர் கைக்குப் போகிறது, எந்த வரியில் திரும்பி வருகிறது? பதில் தெளிவாக இல்லாத இடத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி. விவரக்குறிப்பின் நான்காம் அத்தியாயத்தையும் ஆறாம் அத்தியாயத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, சுழி விழுந்த இடங்களுக்கு மட்டும் அங்கே விடை தேடினேன். ஹோஸ்ட் கன்ட்ரோலர் டிரைவர் ரிவ்யூவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வீட்டுச் சாவியைக் குடிவந்தவரிடம் கொடுத்த பிறகு, சொந்தக்காரர் நினைத்த நேரத்தில் உள்ளே போய் மேசையை நகர்த்தக் கூடாது. டிஎம்ஏ செய்யும், அதாவது சிபியுவைக் கேட்காமல் நேராக மெமரியைப் படித்து எழுதும், எந்தச் சாதனத்தோடும் உறவு அப்படித்தான்.

எக்ஸ்எச்சிஐ-யில் எல்லாமே ரிங், அதாவது கடைசிக்குப் போனதும் முதலுக்குத் திரும்பும் வரிசை. கட்டளைகளுக்கு ஒன்று, ஒவ்வொரு எண்ட்பாயின்டுக்கும் (சாதனத்தில் தரவு போய்வரும் வாசல்) ஒன்று, கன்ட்ரோலர் நமக்குப் பதில் எழுத ஈவென்ட் ரிங் ஒன்று. ரிங்கில் இருப்பவை டிஆர்பி எனப்படும் 16 பைட் துண்டுகள். ஒவ்வொரு டிஆர்பியிலும் சைக்கிள் பிட் என்று ஒன்று இருக்கிறது. கன்ட்ரோலர் தன்னிடம் உள்ள மதிப்போடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் 'இது எனக்கு' என்று எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ரிங் காலி என்று நின்றுவிடும். ரிங்கின் கடைசியில் இருந்து முதலுக்குத் திருப்பிவிடும் லிங்க் டிஆர்பியைத் தாண்டும்போது இரு தரப்பும் மதிப்பைப் புரட்டிக்கொள்ளும். முதல் சுற்றில் 1, அடுத்த சுற்றில் 0, மறுபடி 1.

தம்பி முன்பே ஒரு புகார் சொல்லியிருந்தார். "கீபோர்டு நல்லா ஓடுதுண்ணே. கொஞ்ச நேரம் டைப் அடிச்சதும் நின்னுடுது. பிடுங்கிச் செருகினா மறுபடி ஓடுது." கீபோர்டைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். என் தாளில் எண்ட்பாயின்டின் ரிங்குக்கு (டிரான்ஸ்ஃபர் ரிங்) எதிரே இருந்த சுழி இதற்கு விடை சொன்னது. சாதாரண டிஆர்பிகளுக்கு ஒவ்வொரு சுற்றிலும் சைக்கிள் பிட்டைச் சரியாக எழுதியிருந்தார். லிங்க் டிஆர்பிக்கு மட்டும் ரிங்கை உருவாக்கும்போது ஒரே தடவை 1 என்று எழுதிவிட்டு, அப்புறம் தொடவே இல்லை. முதல் சுற்றில் கன்ட்ரோலர் எதிர்பார்ப்பதும் 1 என்பதால் தாண்டிப் போய்விடும். இரண்டாம் சுற்றின் முடிவில் அது 0 எதிர்பார்த்து வரும். அங்கே பழைய 1 உட்கார்ந்திருக்கும். ரிங் காலி என்று அங்கேயே நின்றுவிடும்.

கணக்கும் ஒத்துவந்தது. ரிங் ஒரு பக்கம், அதாவது 4,096 பைட். அதில் 256 டிஆர்பி. லிங்க் போக 255. இரண்டு சுற்றுக்கு 510. ஒரு விசையை அழுத்தினால் ஒரு ரிப்போர்ட், விட்டால் இன்னொன்று; ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஆர்பி. ஆக நிதானமாக ஒவ்வொரு விசையாக அடித்தால் 255 எழுத்துக்குப் பிறகு கீபோர்டு உறைய வேண்டும். ரிங்கை 16 டிஆர்பியாகக் குறைத்துவிட்டு, கணினியைப் போலவே நடிக்கும் கியூஎமு என்ற மென்பொருளில் ஓட்டிப் பார்த்தோம். 15 எழுத்தில் நின்றது. தம்பி முகத்தில் அப்போது வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! திருத்தம் ஒரே வரி. லினக்ஸின் எக்ஸ்எச்சிஐ ரிங் கோப்பைத் திறந்தால், தொடக்கத்திலேயே ரிங் விதிகளை ஒரு நீளக் குறிப்பாக எழுதி வைத்திருப்பார்கள். 4,000 வரிக்கு மேல் உள்ள அந்தக் கோப்பில் வேறெதையும் படிக்காவிட்டாலும் அந்த ஒன்றைப் படித்துவிட வேண்டும்.

அடுத்தது எழுதும் வரிசை. டிஆர்பியில் முகவரி, நீளம் எல்லாம் எழுதி முடித்த பிறகே சைக்கிள் பிட்டைப் புரட்ட வேண்டும். பல டிஆர்பிகள் சேர்ந்த வேலை என்றால், முதல் டிஆர்பியின் பிட்டைத்தான் எல்லாவற்றுக்கும் கடைசியில் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலர் ஆரம்பித்துவிடும். நிரலில் வரிசை சரியாகவே இருந்தது. இடையில் மெமரி பேரியர் (எழுதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) மட்டும் இல்லை. எக்ஸ்86 சிபியு எழுதுவதை எழுதிய வரிசையிலேயே வெளியே காட்டும் என்பதால், கம்பைலர் இடம் மாற்றாதவரை எதுவும் கெடாது. ஆனால் தம்பியின் அடுத்த இலக்கு ராஸ்பெரி பை 4 என்ற சின்னப் பலகைக் கணினி. அதில் இருக்கும் ஏஆர்எம் வகை சிபியு அந்த உத்தரவாதத்தைத் தராது. பிட்டுக்கு முன்னால் ஒரு பேரியர், ரிங்கில் வேலை இருக்கிறது என்று கன்ட்ரோலருக்கு மணியடிக்கும் டோர்பெல் ரெஜிஸ்டரை எழுதும் முன் இன்னொன்று என்று சேர்க்கச் சொன்னேன்.

சின்னச் சின்ன விஷயங்களும் இருந்தன. கன்ட்ரோலர் தன் சொந்த உபயோகத்துக்கு ஸ்க்ராட்ச்பேட் பக்கங்கள் கேட்கும். கியூஎமு கேட்பது பூஜ்யம். அதனால் அந்தப் பகுதியை எழுதாமலே விட்டாலும் அங்கே எல்லாம் ஓடும். நிஜ சிப்பில் மாட்டிக்கொள்ளும். பயாஸிடமிருந்து கன்ட்ரோலரை முறைப்படி வாங்கிக்கொள்ளும் ஹேண்ட்ஆஃப் படியும் விட்டுப்போயிருந்தது. போர்ட் ரெஜிஸ்டர் இன்னொரு கண்ணி. அதில் சில பிட்டுகளில் 1 எழுதினால் அவை அழியும். போர்ட் எனேபிள் பிட்டில் 1 எழுதினால் போர்ட்டே அணைந்துவிடும். படித்த மதிப்போடு ரீசெட் பிட்டைச் சேர்த்து அப்படியே திருப்பி எழுதினால், ஓடிக்கொண்டிருக்கும் யுஎஸ்பி 3 போர்ட்டை நம் கையாலேயே அணைத்ததாகிவிடும். மறைக்க வேண்டிய பிட்டுகளுக்கு ஒரு மாஸ்க் போட்டதும் சரியாயிற்று.

இருவரும் நீளமாகப் பேசியது டைம்அவுட் பற்றி. பென் டிரைவிலிருந்து ஒரு செக்டரைப் படிக்கக் கேட்கிறோம். குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வரவில்லை என்றால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? தம்பியின் நிரல், தரவு வந்து விழ ஒதுக்கிய பஃபர் பக்கத்தை விடுவித்துவிட்டு, பிழை என்று சொல்லித் திரும்பிவிடும். "இவ்வளவு நேரம் வராதது இனிமே எங்கண்ணே வரப்போகுது?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காத்திருப்பதை நிறுத்தியது சிபியு மட்டும். ரிங்கில் அந்த டிஆர்பி அப்படியே இருக்கிறது. கன்ட்ரோலரைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் இன்னும் அதனுடையது.

வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று ஒரு சோதனை வைத்தோம். டைம்அவுட்டைச் சில மில்லி விநாடிகளாகக் குறைத்தோம். விடுவித்த பக்கத்தை உடனே வேறு யாருக்கும் கொடுக்காமல், முழுவதும் ஒரே பைட்டால் நிரப்பி ஓரமாக வைக்கும்படி பக்க ஒதுக்கியை மாற்றினோம். மெதுவான பழைய பென் டிரைவ் ஒன்றைச் செருகிப் படிக்கச் சொன்னோம். டைம்அவுட் ஆயிற்று, பக்கம் விடுபட்டது, நிரப்பியாயிற்று. கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கத்தைத் திரையில் கொட்டிப் பார்த்தால், முதல் 512 பைட் மாறிப்போய், கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று நிற்கிறது. அது டிஸ்கின் முதல் செக்டரின் முத்திரை. விடுவித்த பக்கத்துக்குள் பென் டிரைவின் பார்டிஷன் அட்டவணை வந்து உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு புரோசஸின் பேஜ் டேபிள் (அதன் மெமரி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை) இருந்திருந்தால் கெர்னல் எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் விழுந்திருக்கும், யாரும் யுஎஸ்பியைச் சந்தேகப்பட்டிருக்கவும் மாட்டார்கள். தம்பி ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரிண்ணே, முழுசா மாத்திடறேன்" என்றார்.

சரியான முறை இது. முதலில் அந்த எண்ட்பாயின்டுக்கு ஸ்டாப் கட்டளை. அதற்குப் பதில் ஈவென்ட் ரிங்கில் வரும்வரை பஃபரைத் தொடக் கூடாது. வந்த பிறகு, ரத்தான டிஆர்பியைத் தாண்டிப் போகும்படி, கன்ட்ரோலர் அடுத்து படிக்கும் இடத்தைக் காட்டும் டீக்யூ பாயின்டரை நகர்த்தும் கட்டளை. லினக்ஸ் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது: ரத்தான டிஆர்பிகளை நோ-ஆப் (எதுவும் செய்யாத டிஆர்பி) ஆக மாற்றிவிடும். அதற்கெல்லாம் பிறகுதான் பக்கத்தை விடுவிக்கலாம். இடையில் ஒரு போட்டியும் உண்டு. ஸ்டாப் கட்டளை போய்ச் சேர்வதற்குள் அந்த வேலை இயல்பாகவே முடிந்திருக்கலாம், அல்லது எண்ட்பாயின்ட் ஸ்டால் ஆகி (சாதனம் பிழை சொல்லி) ஏற்கெனவே நின்றிருக்கலாம். அப்போது ஸ்டாப் கட்டளைக்குப் பிழைக் குறியீடு வரும். அதையும் எதிர்பார்த்து எழுத வேண்டும். இந்தப் பகுதிதான் டிரைவரிலேயே கடினமானது. இங்கே அவசரப்படக் கூடாது.

பிறகு பை 4. யுஎஸ்பி கீபோர்டு வேலை செய்யாத பலகையில் என்ன நடக்கிறது என்று பார்க்க சீரியல் கேபிள் வேண்டும், பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடில் வாங்கி வந்தோம். அந்தப் பலகையில் யுஎஸ்பி 3 போர்ட்டுகளை ஓட்டுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இணைந்த விஎல்805 என்ற சிப். அங்கே டிஎம்ஏவும் சிபியு கேஷும் (ராமின் நகலைச் சிபியு தன்னருகே வைத்திருக்கும் இடம்) தாமாக ஒத்துப்போவதில்லை. புதுச் சாதனத்துக்கு ஸ்லாட் எண் கேட்கும் முதல் எனேபிள் ஸ்லாட் கட்டளைக்கே பதில் வரவில்லை. காரணம், கட்டளை கேஷிலேயே தங்கிவிட்டது. கன்ட்ரோலர் பார்க்கும் ராமுக்குப் போகவே இல்லை. ரிங்குகளையும் கான்டெக்ஸ்டுகளையும் (கன்ட்ரோலருக்கான சாதன விவரப் பட்டியல்கள்) கேஷ் இல்லாத மேப்பிங்குக்கு மாற்றினோம். ஆரம்பகால பை 4 சிலிக்கனில் அந்த பிசிஐ வழி ராமின் முதல் 3 ஜிபியைத்தான் எட்டும் என்பதால், பஃபர்களை அதற்குக் கீழேயே ஒதுக்கும்படியும் மாற்றினோம்.

அதற்குப் பிறகும் ஒரு வினோதம். ஒவ்வொரு சாதனமும் தான் யார் என்று சொல்லும் சாதன விவரணம் 18 பைட். அதைப் படிக்கும்போது சில தடவை ஓடும், சில தடவை அப்படியே நிற்கும். தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். அந்த 18 பைட் பஃபர் தனியாக ஒதுக்கப்படவில்லை. சாதனத்துக்கான ஸ்ட்ரக்டுக்குள்ளேயே, ஸ்லாட் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டான கேஷ் வரி 64 பைட். இரண்டும் ஒரே வரி. உள்ளே வரும் தரவுதானே என்று தம்பி கேஷை எழுதி அனுப்பாமல், செல்லாததாக மட்டும் ஆக்கியிருந்தார். அதோடு சேர்ந்து, அப்போதுதான் எழுதிய ஸ்லாட் எண்ணும் போய், ராமில் இருந்த பழைய 0 திரும்பி வந்துவிட்டது. டோர்பெல் 0 என்பது கட்டளை ரிங்குக்கு உரியது. மணி தவறான வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வரி அதற்கு முன்பே தற்செயலாக ராமுக்குப் போயிருந்த தடவைகளில் மட்டும் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. டிஎம்ஏ பஃபர் எதுவானாலும் தனி ஒதுக்கீடு, 64 பைட் எல்லையில் தொடக்கம், 64-இன் மடங்கில் அளவு என்று விதி வைத்தோம். ஒரு மெமரி யார் கையில் இருக்கிறது என்று கேட்கும்போது பைட் கணக்கில் கேட்டால் போதாது, கேஷ் வரிக் கணக்கில் கேட்க வேண்டும்.

இப்போதைய நிலை: ரிங் திருத்தங்கள், பேரியர்கள், ஸ்க்ராட்ச்பேட், ஹேண்ட்ஆஃப், போர்ட் மாஸ்க் எல்லாம் மெயினில் சேர்ந்துவிட்டன. பை 4-இல் கீபோர்டும் பென் டிரைவும் ஓடுகின்றன. டைம்அவுட் பகுதியைத் தம்பி புதிதாக எழுதியிருக்கிறார். ஸ்டால் ஆகும் சாதனத்தை வைத்துச் சோதிக்கும்வரை அதைச் சேர்க்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆடியோ, வீடியோவுக்கான ஐசோக்ரோனஸ் இன்னும் தொடங்கவில்லை, எனக்கு அதில் அவசரமும் இல்லை. முதலில் ஹப். ஹப்புக்குப் பின்னால் உள்ள சாதனத்துக்கு, எந்தெந்த ஹப் போர்ட் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் ரூட் ஸ்ட்ரிங் எழுத வேண்டும்: ஒரு அடுக்குக்கு 4 பிட், ஐந்து அடுக்கு, மொத்தம் 20 பிட். வேகம் குறைந்த சாதனம் ஹை ஸ்பீட் ஹப்பில் இருந்தால், அந்த ஹப்பின் ஸ்லாட் எண்ணையும் போர்ட் எண்ணையும் ஸ்லாட் கான்டெக்ஸ்டில் நிரப்ப வேண்டும். ஹப்பைப் பிடுங்கினால் அதற்குக் கீழே உள்ள அத்தனை சாதனங்களின் ரிங்குகளும் எந்த வரிசையில் திரும்பி வர வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு தாள் போட ஆரம்பித்திருக்கிறேன்.